கட்டைப் பார்த்து விலை பேசுங்கள்: பழைய ஸ்கொயர் பேலர் வாங்கும் முறை

பழைய பேலரை விற்கிறவர் முதலில் பெயின்ட்டைக் காட்டுவார், அடுத்து டயரை, பிறகு வாங்கிய வருடத்தைச் சொல்வார். டிராக்டர் வாங்கும்போது இவை ஓரளவு உதவும். பேலருக்கு இவற்றால் பெரிய பயனில்லை. ஸ்கொயர் பேலருக்குள் நடக்கும் வேலை முழுவதும் நேரக் கணக்கில் நிற்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 தடவை முன்னும் பின்னும் ஓடும் பிளஞ்சர் வைக்கோலை அழுத்திக்கொண்டே இருக்கிறது. கட்டு வேண்டிய நீளத்துக்கு வந்ததும் இரண்டு ஊசிகள் கீழிருந்து கயிற்றைத் தூக்கி வருகின்றன. மேலே உள்ள இரண்டு நாட்டர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டுக் கயிற்றை வெட்டிவிடுகின்றன. பிளஞ்சர் ஓடும் பாதையிலேயே ஊசியும் வந்து போகிறது. இந்த ஒழுங்கு கெட்ட இயந்திரம் மூன்று வருடப் பழசாக இருந்தாலும் பயன்படாது. ஒழுங்கு குலையாதது பதினைந்து வருடப் பழசாக இருந்தாலும் கட்டும். ஒழுங்கு இருக்கிறதா என்பதைப் பெயின்ட் சொல்லாது, விற்பவரும் சொல்ல மாட்டார். அந்த இயந்திரம் கட்டிப் போட்ட வைக்கோல் கட்டு சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டு, அதை வைத்தே விலை பேசுவதுதான் இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் முறை.

போவதற்கு முன்: இந்த இயந்திரம் உங்களுக்குத்தானா?

காவிரி டெல்டாவில் சிறிய ரவுண்டு பேலரும் நிறைய ஓடுகிறது. அதில் நாட்டர் கிடையாது. கயிற்றைச் சுற்றி வெட்டிவிடும், அவ்வளவுதான். பழுது குறைவு, 35 எச்.பி. டிராக்டரே போதும். அப்படியிருக்க ஸ்கொயர் எதற்கு என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது. பதில் வயலில் இல்லை, லாரியில் இருக்கிறது. சதுரக் கட்டைச் செங்கல் போல இடைவெளியில்லாமல் அடுக்கலாம். நாமக்கல், ஈரோடு பக்கத்து மாட்டுப் பண்ணைகளுக்கோ கேரளத்துக்கோ வைக்கோல் ஏற்றுகிறவருக்கு ஒரு நடையில் எத்தனை கட்டு போகிறது என்பதுதான் லாபம். மாறாக, உங்கள் வைக்கோல் உள்ளூர் மாடுகளுக்கே போகிறது, வயல்கள் அரை ஏக்கர் துண்டுகள், டிராக்டர் 40 எச்.பி.க்குக் கீழே என்றால் இந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். ஸ்கொயர் பேலர் சுமார் ஒன்றரை டன் வரை எடை வரும். டிராக்டருக்கு நேர் பின்னால் வராமல் ஒரு பக்கம் விலகி ஓடும், வரப்போரத்தில் திரும்ப இடம் கேட்கும், பெல்ட் அறுவடை வண்டி அறுத்த ஈர வயலில் புதையும். 45 முதல் 50 எச்.பி. டிராக்டரும், பி.டி.ஓ. 540 சுற்றில் சீராக நிற்கும் எஞ்சினும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

பழைய விலையை ஒப்பிட வேண்டியது புது இயந்திரத்தின் பட்டியல் விலையோடு அன்று. மானியம் போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மானிய விலைப் புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்கப்போகும் ஆபத்துக்கான கூலி. அது சிறிதாக இருந்தால், எவ்வளவு நல்ல பழைய இயந்திரமானாலும் பேரம் பேச வேண்டியதே இல்லை.

நிறுத்திய நிலையில் சோதனை

இந்தப் பகுதியில் கை வைப்பதற்கு முன் ஒரு விதி. டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுங்கள். பேலரின் ப்ளைவீல் கனமானது, பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் சில நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கடைசிச் சில சுற்றுகளில் நாட்டர் தட்டுப்பட்டால் ஊசி சட்டென்று மேலே வரும். ப்ளைவீல் முழுதாக நின்ற பிறகே நெருங்க வேண்டும். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு மூன்றும் பேலர் பக்கம் ஆகாது.

1. ப்ளைவீலில் உள்ள ஷியர் போல்ட்டைப் பாருங்கள். பாரம் மிஞ்சினால் தானே முறிந்து மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. கம்பெனி சொன்ன போல்ட்டுக்குப் பதிலாகக் கடினமான போல்ட் முடுக்கியிருந்தால், அது முறிய வேண்டிய தருணங்களில் அடி முழுவதும் கியர்பாக்ஸுக்கும் பிளஞ்சருக்கும் போயிருக்கிறது என்று பொருள். போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

2. ப்ளைவீலைக் கையால் லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். பிளஞ்சர் அசையத் தொடங்குவதற்கு முன் ப்ளைவீல் எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று கவனியுங்கள். விரல் அகலம் அளவு பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் கியர்பாக்ஸ் அல்லது கிராங்க் பேரிங். ஆயில் அடைப்பைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தால் இரும்புத் தூள் மினுக்கம் தெரியும்.

3. ஒரு கடப்பாரையைக் கொடுத்து பிளஞ்சரை மேலும் கீழும் நெம்புங்கள். ஆட்டம் அதிகமிருந்தால் அது ஓடும் தடமோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது.

4. பிளஞ்சரில் ஒரு கத்தி, வைக்கோலை அழுத்தும் அறையின் ஓரத்தில் ஒரு கத்தி உண்டு. இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு ஹேக்ஸா பிளேடு நுழைந்தால் சரி. இரண்டை அடுக்கி நுழைக்க முடிந்தால் அதிகம். கத்தி மழுங்கியிருப்பது பெரிய குற்றமில்லை, மாற்றிவிடலாம். இடைவெளியைச் சரி செய்யவே முடியாதபடி பிளஞ்சர் ஆடுவதுதான் குற்றம்.

5. நாட்டரின் விசையைக் கையால் தட்டிவிட்டு, ப்ளைவீலை அது ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றுபவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர். பார்ப்பவரின் கை பின்னால். ஊசிகள் பிளஞ்சர் முகத்திலுள்ள பிளவுகளின் வழியாக, எதிலும் உரசாமல் மேலே போக வேண்டும். ஊசி வளைந்து நிமிர்த்திய தடமோ வெல்டிங் தடமோ இருந்தால் காரணம் கேளுங்கள்.

6. ஊசி அறைக்குள் இருக்கும்போது பிளஞ்சர் வந்து அடிக்காமல் தடுக்கும் ஒரு பாதுகாப்புத் தடை இருக்கிறது. அதைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாலோ கழற்றியிருந்தாலோ, யாரோ ஒருவர் அடிக்கடி நின்றுபோகும் இயந்திரத்தோடு போராடி அலுத்திருக்கிறார்.

7. அறையின் அடித் தகட்டையும் பக்கத் தகட்டையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், அது தகட்டை அரம் போலத் தேய்க்கும். பருவம் முடிந்ததும் ஈர வைக்கோலை உள்ளேயே விட்டுவைத்த இயந்திரத்தில் துரு உள்ளிருந்து அரித்திருக்கும். ஓசை மாறும் இடத்தில் புதுப் பெயின்ட் இருந்தால் அங்கே நில்லுங்கள்.

வைக்கோலை அள்ளும் பிக்கப்பின் பற்கள் நான்கைந்து இல்லாதது, பாதுகாப்பு மூடி இல்லாதது, டயர் வழுக்கை ஆனது எல்லாம் பேரத்துக்கு உதவும் சில்லறை விஷயங்கள். அவற்றுக்காக ஒரு இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பி.டி.ஓ. ஷாஃப்ட் மூடி மட்டும் விதிவிலக்கு: இல்லையென்றால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே போடச் சொல்லுங்கள்.

வயலில் முப்பது கட்டு

நிறுத்தி வைத்துப் பார்த்தது பாதிச் சோதனைதான். ஓட்டிப் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு. ஒரு கட்டில் இரண்டு முடிச்சு. ஒவ்வொரு நாட்டரும் நூற்றுக்கு இரண்டு தடவை தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம்; கேட்கும்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் எந்த ஒரு முடிச்சு தவறினாலும் கட்டு அவிழும். ஆக நூறு கட்டில் ஏறத்தாழ நான்கு அவிழும். ஒரு நாளில் ஐந்நூறு கட்டுப் போட்டால் இருபது கட்டு வயலில் சிதறிக் கிடக்கும். அவற்றை மறுபடி வரிசையில் பரப்பி இன்னொரு முறை ஓட்ட வேண்டும், அல்லது ஆள் வைத்துக் கட்ட வேண்டும். டீசலும் கூலியும் அங்கேதான் கரைகின்றன. பத்துக் கட்டு ஓட்டிக் காட்டினால் இந்தக் குறை தெரியாமலே போக வாய்ப்பு அதிகம். முப்பது கட்டு, அதாவது அறுபது முடிச்சு பார்த்தால் ஓரளவு தெரியும். ஐம்பது பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

1. நீங்கள் வாங்கி ஓட்டப்போகும் அதே கயிற்றை எடுத்துப் போங்கள். கயிற்றின் பருமன் மாறினால் நாட்டரின் பிடியும் மாறும்; விற்பவரின் கயிற்றில் நன்றாகக் கட்டியது உங்கள் கயிற்றில் வழுக்கலாம்.

2. பனி காய்ந்த பிறகு, நீங்கள் வழக்கமாகக் கட்டப்போகும் நேரத்தில் ஓட்டச் சொல்லுங்கள். காலைப் பனியில் நனைந்த வைக்கோல் முறுக்கேறி, நல்ல இயந்திரத்தையும் திணறடிக்கும்.

3. பி.டி.ஓ. 540 சுற்றில் நிற்க, வழக்கமான வேகத்தில் ஓடட்டும். மிக மெதுவாக, மெல்லிய வரிசையில் ஓட்டிக் காட்டுவது குறையை மறைக்கும் பழைய வழி.

4. முதல் ஐந்து கட்டை ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு வருவதை விழுந்த வரிசையிலேயே கிடக்க விடுங்கள். இடது, வலது முடிச்சுகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. வைக்கோல் அடைத்தால் ஓடும்போது கையாலோ காலாலோ தள்ளுபவர் யாராக இருந்தாலும் அங்கேயே சோதனையை நிறுத்துங்கள். பிக்கப் கையை விடுவதற்கு நேரம் தராது.

6. நிறுத்தியதும் பேரிங்குகளின் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அது அடுத்துப் போகப்போகிறது. உலர்ந்த தூசு படிந்த சூட்டுப் பேரிங்கிலிருந்து வைக்கோல் தீ தொடங்கலாம். சோதனை வயலில் ஒரு குடம் தண்ணீராவது வேண்டும்.

கட்டைப் படிப்பது

இனி வயலில் நடந்துகொண்டே படிக்க வேண்டிய பகுதி. அவிழ்ந்த கட்டின் கயிற்றை முதலில் எடுங்கள். தவறுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்தால் அந்த ஒரு நாட்டரில் குறை. இரண்டு பக்கமும் கலந்து வந்தால் கயிறோ ஊசியோ இழுவிசையோ காரணமாக இருக்கலாம். கயிற்றின் ஒரு முனையில் மட்டும் முடிச்சு விழுந்து, மறு முனை வெறுமனே இருந்தால், ஒரு இழை பில் ஹூக் எனப்படும் முடிச்சுக் கொக்கிக்குள் வரவே இல்லை. ஊசி இழையைச் சரியான இடத்தில் கொண்டுவந்து வைக்கவில்லை, அல்லது அதைப் பிடித்திருக்க வேண்டிய தட்டு நழுவவிட்டது. முடிச்சுக்குள்ளேயே கயிறு அறுந்திருந்தால் கொக்கியில் சொரசொரப்பு அல்லது அழுத்தம் அதிகம். வெட்டிய முனை சுத்தமாக இல்லாமல் பஞ்சாகப் பிரிந்திருந்தால் நாட்டர் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது பிடிக்கும் தட்டு கயிற்றைக் கசக்குகிறது. முடிச்சு விழுந்தும் கொக்கியை விட்டு இறங்காமல் தொங்கினால், அதைத் தள்ளிவிடும் கை தேய்ந்திருக்கிறது. இவற்றில் கத்தியும் அழுத்தமும் சரி செய்யக்கூடியவை; கொக்கியும் அதன் உருளையும் தேய்ந்திருந்தால் உதிரி வாங்க வேண்டும், அவை மலிவானவை அல்ல.

அடுத்து கட்டின் உருவம். ஒரு பக்கம் மழுங்கச் சிரைத்தது போலவும் மறு பக்கம் தாடி போலவும் இருந்தால் பிளஞ்சர் கத்தி வெட்டவில்லை, கிழிக்கிறது. கட்டு வாழைக்காய் போல வளைந்திருந்தால் அறைக்குள் ஒரு பக்கம் வைக்கோல் அதிகமாகப் போகிறது. இதை உடனே குற்றமாக எழுதிவிட வேண்டாம். டிராக்டர் வரிசையைத் தப்பி ஓட்டினாலும் இப்படி வரும், வைக்கோலை உள்ளே தள்ளும் விரல்களின் அமைப்பு மாறியிருந்தாலும் வரும். எதிர்த் திசையில் ஓட்டச் சொல்லுங்கள். வளைவு மாறினால் ஓட்டுநர், மாறாவிட்டால் இயந்திரம். கட்டு ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று வந்தால் நீளம் அளக்கும் பல் சக்கரம் வழுக்குகிறது, அல்லது விசைக் கை தேய்ந்திருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்து அடுக்குகளை எண்ணுங்கள்: ஒவ்வொரு அடுக்கும் பிளஞ்சரின் ஒரு அடி. பன்னிரண்டிலிருந்து இருபது வரை இருந்தால் இயந்திரம் நிதானமாக ஓட்டப்பட்டிருக்கிறது. ஆறேழு தடித்த அடுக்குகள் மட்டுமே இருந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். இன்றைக்கே இப்படி என்றால் இத்தனை பருவமும் எப்படி ஓட்டினார்கள் என்பதையும் அது சொல்கிறது.

கட்டு தளர்வாக வந்தால் அவசரப்பட வேண்டாம். அழுத்தத் திருகை இறுக்கச் சொல்லி மறுபடி ஐந்து கட்டு பாருங்கள். இறுக்கியும் தளர்ந்தால், அழுத்திய வைக்கோலைத் திரும்பி வரவிடாமல் பிடிக்கும் கொக்கிகள் ஒடிந்திருக்கும், அல்லது அறைக்குள் ஆப்புகள் தேய்ந்திருக்கும். இறுக்கும்போது பிளஞ்சரில் தட்டும் ஓசை கேட்டால் நிறுத்திய சோதனையின் மூன்றாவது படியில் நெம்பிப் பார்த்ததை நினைவில் கொள்ளுங்கள்; அந்த ஆட்டம் இப்போது பாரத்தோடு பேசுகிறது.

விற்பவர் சொல்லும் காரணங்கள்

இவ்வளவும் நடைமுறைக்கு ஒத்துவராது என்ற மறுப்பு வரும், அதில் உண்மையும் உண்டு. "இப்போது வயலில் வைக்கோலே இல்லை" என்பது பருவம் தாண்டி விற்கிறவர் சொல்வது. அப்படியானால் பழைய கட்டுகளைப் பிரித்து, காய்ந்த தரையில் நீளமாக வரிசையிட்டு ஓட்டலாம். பிரித்த வைக்கோல் நொறுங்கியிருக்கும், கட்டின் உருவத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. முடிச்சை வைத்துச் சொல்லலாம். ஆனால் இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, கையால் வைக்கோல் ஊட்டி ஓட்டிக் காட்டச் சம்மதிக்க வேண்டாம். "அடுத்த பருவத்தில் பாருங்கள், பாதிப் பணத்தை இப்போது கொடுங்கள்" என்றால், மீதியை முப்பது கட்டு சோதனைக்குப் பிறகு கொடுப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதற்குச் சம்மதிக்காதவர் தன் இயந்திரத்தைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர்.

"நாட்டர் செட்டிங்தான், மெக்கானிக் வந்தால் அரைமணி நேர வேலை" என்பது எல்லா இடத்திலும் கேட்கும் வாக்கியம். அது செட்டிங் பிரச்சினைதான் என்றால், விற்கும் முன் விற்பவரே அரைமணி நேரம் செலவழித்துச் சரி செய்து காட்டட்டும். செட்டிங் என்றால் திருகினால் போகும், தேய்மானம் என்றால் திருகினாலும் இரண்டு நாளில் திரும்ப வரும். இவை இரண்டையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு விற்பவருடையது, அதற்கான செலவும்.

வலுவான மறுப்பு வேறொன்று: "விலை இவ்வளவு குறைவு, எதைச் சொன்னாலும் பழுதுபார்த்து ஓட்டிவிடலாம்." சில நேரம் இது சரிதான். கத்தி, பிக்கப் பற்கள், டயர், பேரிங், கயிறு வழிகாட்டிகள் என்று மட்டும் குறைகள் இருந்தால் பட்டியல் போட்டு, உதிரி விலையையும் கூலியையும் விசாரித்து, அதைக் கழித்து வாங்குங்கள். ஆனால் கியர்பாக்ஸ், பிளஞ்சர் தடம், அரித்த அறைத் தகடு, இரண்டு நாட்டர் என நான்கில் இரண்டு சேர்ந்தால் எந்த விலையும் குறைவானதில்லை. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் வயலில் கிடப்பது கொஞ்ச நாள்தான். அந்த நாட்களில் பட்டறையில் நிற்கும் பேலர் இலவசமாகக் கிடைத்திருந்தாலும் நஷ்டம்தான். பஞ்சாப், ஹரியானாவிலிருந்து வரும் இயந்திரங்களுக்கு இன்னொரு கேள்வி சேர்கிறது: அந்த மாடலின் உதிரிகளை உங்கள் மாவட்டத்தில் யார் வைத்திருக்கிறார்கள்? நாட்டரின் பாக எண்ணைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள டீலரிடம் ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகு பேசுங்கள்.

காகிதம்

டிராக்டரைப் போலப் பேலருக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. அதனால் உரிமையைக் காட்டுவது அசல் ரசீதும் இயந்திரத்தின் தகட்டில் உள்ள எண்ணும் மட்டுமே. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று படம் எடுத்துப் பாருங்கள். தகடு பெயர்த்திருந்தால் வாங்க வேண்டாம். வங்கிக் கடனில் வாங்கியது என்றால் கடன் தீர்ந்ததற்கான சான்று வேண்டும். மானியத்தில் வாங்கியது என்றால், அதை இன்னொருவருக்கு விற்கலாமா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கைமாற வேண்டும். விற்பனைப் பத்திரத்தில் எண், தேதி, தொகை, சோதனையில் கண்ட குறைகள் நான்கும் இருக்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது

அறைக்குள் கிடக்கும் வைக்கோலை வெளியே எடுத்து, பிக்கப்பைத் தூக்கிப் பூட்டுங்கள். இழுவைத் தண்டைச் சாலை நிலைக்கு மாற்றி இணைப்புப் பின்னையும் அதன் பூட்டையும் சரிபாருங்கள், பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றிக் கட்டிவையுங்கள். பேலர் டிராக்டரைவிட அகலம், ஓட்டுநருக்கு அதன் வலது ஓரம் தெரியாது. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பு ஒட்டி, பகலிலேயே கொண்டுவாருங்கள். வந்த அன்று எல்லா கிரீஸ் நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள், கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுங்கள், ஷியர் போல்ட் கம்பெனி சொன்னதுதானா என்று மறுபடி பாருங்கள். சரியான போல்ட் ஒரு டஜன் வாங்கி டிராக்டர் டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள். முதல் பருவத்தில் அது முறிந்துகொண்டேதான் இருக்கும், கடினமான போல்ட்டைத் தேடும் ஆசையும் அப்போதுதான் வரும்.